ஆயிரத்து இருநூறில் பன்னிரண்டு: கோத்தகிரியில் ஒரு தொண்டைப் புண்

நோயாளி 36 வயதுப் பெண். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். இவர் பிறந்ததும் வளர்ந்ததும் நீலகிரியில்தான். அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன். மருத்துவ விவரம் எதையும் எடுக்கவில்லை, என் பக்கம் நடந்த தவறு உட்பட.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் முதல் முறை ஓ.பி.க்கு வந்தார். "சோறு நல்லாத்தான் இறங்குது டாக்டரம்மா, ஆனா உடம்பு ஒட்டிக்கிட்டே போகுது" என்றார். மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைந்திருந்தது. நாடித்துடிப்பு 118. கையை நீட்டச் சொன்னால் விரல்கள் நடுங்கின. ரெண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துக் கிள்ளுகிற வேலை. விரல் நடுங்குவதால் முற்றிய இலையும் சேர்ந்து வருகிறது, எடை போடும் இடத்தில் மேஸ்திரி திட்டுகிறார் என்பதுதான் அவருடைய முதல் கவலை. கழுத்தில் தைராய்டு சீராக வீங்கியிருந்தது, கண்கள் சற்றே முன்தள்ளியிருந்தன. தைராய்டை வேலை செய்யச் சொல்லும் டி.எஸ்.எச். அளவிட முடியாத அளவுக்குக் கீழே, தைராய்டு சுரக்கும் டி4 மிக அதிகம். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் என்று முடிவு செய்தோம். அந்தச் சுரப்பைக் குறைக்கக் கார்பிமசோல் மாத்திரை 10 மி.கி. மூன்று வேளை, கூடவே படபடப்புக்கு ப்ரொப்ரனோலால். மருந்து தொடங்கும் முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் 6,800, அதில் கிருமியை விழுங்கும் வகையான நியூட்ரோபில் 58 சதவீதம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

சீட்டின் அடியில் ஒரு வரி எழுதினேன்: தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே இரத்தம் பார்க்கவும். அதை ஆங்கிலத்தில் எழுதினேன். வாய்திறந்து சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் மனதில் பதியும்படி சொல்லவில்லை என்பது நிச்சயம்.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது நாடி 88. இரண்டு கிலோ ஏறியிருந்தார். "கை நின்னுடுச்சு" என்று விரல்களை விரித்துக் காட்டிவிட்டுப் போனார்.

மருந்து தொடங்கிய 43ஆம் நாள் தொண்டை வலித்தது. நவம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழை. அந்த நாட்களில் இந்த மலையில் தொண்டை கரகரக்காதவரைப் பார்ப்பது கடினம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தார், மிளகு ரசம் குடித்தார், மறுநாள் காய்ச்சல் கண்டதும் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி அஜித்ரோமைசினும் பாராசிட்டமாலும் வாங்கிச் சாப்பிட்டார். கார்பிமசோலையும் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும் என்று நான் அழுத்திச் சொன்னது மட்டும் நன்றாகப் பதிந்திருந்தது.

46ஆம் நாள் மாலை ஓ.பி. முடிகிற நேரத்தில், கம்பளியைத் தலையோடு போர்த்தி, கணவரும் மாமியாரும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். காய்ச்சல் 103.2 டிகிரி ஃபாரன்ஹீட். நாடி 128, இரத்த அழுத்தம் 100/60. எச்சில் விழுங்க முடியாமல் ஒரு துண்டில் துப்பிக்கொண்டிருந்தார்.

தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் இப்படிக் காய்ச்சலோடு வந்தால் எங்கள் மனம் முதலில் ஸ்க்ரப் டைஃபஸுக்குத்தான் போகும். புதரில் இருக்கும் சின்னப் பூச்சியின் கடிவாயில், சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புத் தழும்பு இருக்கிறதா என்று அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடி எல்லாம் தேடினேன். இல்லை. டெங்குவாக இருக்கலாம் என்று யோசித்தேன். தைராய்டு நோயாளிக்குக் கடும் காய்ச்சலும் படபடப்பும் என்றால், தைராய்டு ஹார்மோன் கட்டுமீறி உயிருக்கே உலை வைக்கும் தைராய்டு புயல் என்ற ஆபத்தும் உண்டு. அதையும் ஒதுக்க முடியவில்லை. இவ்வளவு யோசித்தவள் மாத்திரையை மட்டும் யோசிக்கவில்லை.

தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் ஏதோ உறுத்தியது. இரண்டு டான்சில்களிலும் குழி விழுந்த புண்கள், அடியில் சாம்பல் நிறத்தில் செத்த சதை. கீழ் ஈறிலும் ஒரு புண். ஆனால் இவ்வளவு புண்ணுக்கும் சீழ் என்று ஒரு சொட்டு இல்லை. சுற்றிலும் வீக்கம்கூட அதிகமில்லை. நான்கு நாள் புண்ணுக்கு அது மிகச் சுத்தமாக இருந்தது.

கூட வந்த மாமியார், பிளாஸ்டிக் கவரில் மடித்துப் பத்திரமாக வைத்திருந்த பழைய சீட்டை எடுத்து நீட்டினார். அடியில் என் கையெழுத்தில், என் ஆங்கில வரி.

ஸ்லைடு

எங்கள் லேப் டெக்னீஷியன் இருபது வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர். இயந்திரம் வெள்ளணு 1,200 என்று காட்டி, பக்கத்தில் எச்சரிக்கைக் குறி போட்டிருந்தது. ஹீமோகுளோபின் 11.4, தட்டணுக்கள் 2,30,000. இரண்டும் சரியாக இருந்து வெள்ளணு மட்டும் விழுந்திருந்ததால் அவர் இயந்திரத்தை நம்பாமல் கையால் எண்ண உட்கார்ந்தார்.

கையால் எண்ணுவது எப்படி என்று இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்கள் எவ்வளவு சிறியவை என்பது அதில்தான் தெரியும். இரத்தத்தை 20 மடங்கு நீர்க்கச் செய்கிறோம். அந்தத் திரவத்தில் உள்ள அசிட்டிக் அமிலம் சிவப்பணுக்களை உடைத்துவிடும், ஊதாச் சாயம் வெள்ளணுக்களின் உட்கருவை நிறமேற்றும். பிறகு கோடுகள் கீறிய கண்ணாடியின் நான்கு மூலைக் கட்டங்களிலும் எண்ணி, கூட்டுத்தொகையை 50ஆல் பெருக்க வேண்டும். அக்டோபரில் இந்தப் பெண்ணுக்கு இப்படி எண்ணியிருந்தால் 136 அணுக்கள் கிடைத்திருக்கும். அன்று நான்கு மூலையும் சேர்த்து 24.

"மேடம், வகை பிரிக்க நூறு செல் வேணும். தேடித் தேடிப் பாக்குறேன், கிடைக்கலை. நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்.

லீஷ்மன் சாயம் ஏற்றிய ஸ்லைடு. இளஞ்சிவப்பு வட்டங்களாகச் சிவப்பணுக்கள், நடுநடுவே பொடிப்பொடியாகத் தட்டணுக்கள். நுண்ணோக்கியில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம்தான் புலம். சாதாரணமாக இரண்டு மூன்று புலங்களுக்கு ஒரு முறையாவது ஒரு நியூட்ரோபில் வந்து நிற்கும். மூன்று நான்கு மணிகளை மெல்லிய நூலில் கோத்தது போன்ற உட்கரு, சுற்றிலும் மங்கிய ரோஸ் நிறத் துகள்கள். அதை ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். அன்று புலம் புலமாக நகர்த்திக்கொண்டே போனேன். ஒற்றை உருண்டையாகக் கருநீல உட்கருவோடு லிம்போசைட் என்ற வேறு வகை வெள்ளணு. இன்னொரு லிம்போசைட். நெடுநேரம் கழித்து ஒரு மோனோசைட். மறுபடி லிம்போசைட். ஐந்து நிமிட வேலைக்கு முக்கால் மணி நேரமானது. நூறு எண்ணியபோது லிம்போசைட் 91, மோனோசைட் 6, ஈசினோபில் 2, நியூட்ரோபில் 1.

ஆயிரத்து இருநூறில் ஒரு சதவீதம் பன்னிரண்டு. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் குறைந்தது 1,500 நியூட்ரோபில்களாவது இருக்க வேண்டும். 500க்குக் கீழே போனால் கடும் ஆபத்து. இவருக்குப் பன்னிரண்டு. நியூட்ரோபில் இப்படி ஏறக்குறைய இல்லாமலே போவதற்கு அக்ரானுலோசைட்டோசிஸ் என்று பெயர். கார்பிமசோல் அரிதாக இதைச் செய்யும்.

இந்தக் கணக்கை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், 1,200 என்ற மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் "வைரல் காய்ச்சல், வெள்ளணு குறையும்தான், இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பார்க்கலாம்" என்று சொல்ல யாருக்கும் தோன்றும். டெங்குவில் நாங்களே அப்படித்தான் சொல்கிறோம். இந்த நோயாளிக்கு அந்த இரண்டு நாள் கிடைத்திருக்காது. வெள்ளணு என்பது ஒரே அணுவின் பெயர் போலப் பேசுகிறோம். உண்மையில் அது பல தொழில் செய்பவர்கள் குடியிருக்கும் ஒரு தெரு. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட யார் வீடு பூட்டிக்கிடக்கிறது என்பதுதான் கேள்வி.

ஏன் தொண்டை, ஏன் சீழ் இல்லை

நம் வாயில் எப்போதும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பல் இடுக்கில், ஈறு ஓரத்தில், டான்சில் குழியில் அவை குடித்தனம் நடத்துவது நோயல்ல. அவை எல்லை தாண்டாமல் இருப்பதற்குக் காரணம் நியூட்ரோபில்கள். ஆரோக்கியமான ஈறிலும் இவை இரத்தக் குழாயிலிருந்து கசிந்து வந்து இரவு பகலாகக் காவல் நிற்கின்றன. காவல் போனால் முதலில் உள்ளே நுழைவது வெளியூர்க் கிருமி இல்லை, சொந்த வாயில் இருந்ததுதான். அதனால்தான் இந்த நோய் பெரும்பாலும் தொண்டையிலும் ஈறிலும் முதலில் தலைகாட்டுகிறது.

நியூட்ரோபில் வேலை செய்யும் விதம் எனக்கு எப்போதும் வியப்பு. திசுவில் எங்கோ கிருமி நுழைந்ததும் அங்கிருந்து இரசாயனச் செய்திகள் பரவுகின்றன. அந்த இடத்து இரத்தக் குழாயின் உள்சுவர் பசைபோல ஆகிறது. ஓட்டத்தில் போய்க்கொண்டிருந்த நியூட்ரோபில் அதில் உரசி, உருண்டு, வேகம் குறைந்து, ஒட்டி நிற்கிறது. பிறகு சுவர்ச் செல்களுக்கு நடுவே தன்னைப் பிதுக்கிக்கொண்டு வெளியேறி, வாசனை பிடித்துப் போவது போலக் கிருமியை நோக்கி ஊர்ந்து அதை விழுங்குகிறது. விழுங்கியதைக் கொல்ல அது தயாரிக்கும் பொருள்களில் ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். குடிநீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டால் கிருமியைக் கொல்வதும் அதேதான். சில நியூட்ரோபில்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வெளியே வீசிக் கிருமியைச் சிக்கவைக்கின்றன. இது 2004இல்தான் கண்டறியப்பட்டது. வேலை முடிந்ததும் அங்கேயே மடிகின்றன. மடிந்த நியூட்ரோபில்களின் குவியலைத்தான் சீழ் என்கிறோம். சீழின் பச்சை நிறம்கூட அவற்றுக்குள் இருந்த ஒரு நொதியின் நிறம்.

ஆக, சீழில்லாத அந்தப் புண் சுத்தமான புண் அல்ல. சண்டைக்கு யாரும் வராத புண்.

லிம்போசைட்டுகள் இருந்தனவே, அவை ஏன் உதவவில்லை என்று கணவர் கேட்டார். நல்ல கேள்வி. லிம்போசைட்டின் வேலை வேறு. ஒரு எதிரியை அடையாளம் கண்டு, அதற்கென்றே எதிர்ப்பொருள் தயாரித்து, பல ஆண்டுகளுக்கு நினைவில் வைத்துக்கொள்வது அதன் தொழில். அதற்கு நாட்கள் பிடிக்கும். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1907இல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கப்பட்டது. நாய் கடித்த பிறகு தடுப்பூசி போட்டும் பிழைக்க முடிவது, ரேபிஸ் கிருமி மூளைக்குப் போய்ச் சேரப் பெரும்பாலும் வாரக்கணக்கில் எடுப்பதால்தான். அந்த அவகாசத்தில் லிம்போசைட்டுகள் பாடம் கற்றுக்கொள்கின்றன. வாயில் இருக்கும் பாக்டீரியா வாரக்கணக்கில் காத்திருக்காது. சில மணி நேரத்தில் பெருகும். அந்த முதல் மணி நேரங்களின் வேலைக்கு நியூட்ரோபில்தான், மாற்று ஆள் இல்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. கிரேவ்ஸ் நோயே வெள்ளணுக்களின் தடுமாற்றம்தான். லிம்போசைட் வழித்தோன்றல்கள் தவறான ஒரு எதிர்ப்பொருளைத் தயாரிக்கின்றன. அது தைராய்டைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. அதை அடக்கக் கொடுத்த மருந்து, மிகச் சிலருக்கு, நியூட்ரோபில்களுக்கும் எலும்பு மஜ்ஜையில் வளரும் அவற்றின் முன்னோடிச் செல்களுக்கும் எதிராகவே நோய் எதிர்ப்பைத் திருப்பிவிடுவதாகக் கருதப்படுகிறது. 1908இல் மருத்துவ நோபல் பரிசை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். விழுங்கும் அணுக்களே காவல் என்று நிறுவிய மெச்னிக்காஃப் ஒருவர். எதிர்ப்பொருள் கோட்பாட்டை முன்வைத்தவரும், சாயமேற்றி வெள்ளணு வகைகளைப் பிரித்துக் காட்டியவருமான பால் எர்லிக் மற்றவர். இருவர் சொன்னதும் ஒரே உடம்பில், இரண்டும் கெட்டுப்போன நிலையில், அன்று எங்கள் வார்டில் இருந்தது.

பன்னிரண்டு நாட்கள்

கார்பிமசோலை அந்த நிமிடமே நிறுத்தினோம். கிருமி வளர்கிறதா என்று பார்க்க இரத்தக் கல்ச்சர் எடுத்து, ஸ்லைடைப் பார்த்த அரை மணிக்குள் பைபராசிலின்-டாசோபாக்டம், அமிக்காசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் இரண்டும் நரம்பு வழியாக ஏறின. கோயம்புத்தூருக்கு அனுப்பத்தான் நினைத்தேன். ஆனால் மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் மண்சரிந்து கிடந்தது. மறுநாள் மதியம் வரை வழி இல்லை என்றார்கள். தனி அறை கொடுத்தோம். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். வெந்த சூடான கஞ்சி, கொதித்து ஆறிய நீர், வாய் கழுவக் குளோர்ஹெக்சிடின்.

மஜ்ஜையைத் தூண்டும் ஃபில்கிராஸ்டிம் ஊசி எங்களிடம் இல்லை. கோயம்புத்தூர் மொத்த மருந்துக் கடையில் சொல்லிவைத்து, சாலை திறந்ததும் ஐஸ் பெட்டியில் வைத்து அரசுப் பேருந்து நடத்துநரிடம் கொடுத்தனுப்பினார்கள். இரண்டாம் நாள் இரவு ஏழு மணிக்கு முதல் ஊசி, 300 மைக்ரோகிராம், தோலுக்கடியில்.

மூன்றாம் நாள் ஸ்லைடில் ஒரு நியூட்ரோபில்கூட இல்லை. அந்த இரவுதான் மிக மோசமான இரவு. இரத்த அழுத்தம் 86க்கு இறங்கியது, சலைன் வேகமாக ஏற்றி மீட்டோம். ப்ரொப்ரனோலாலைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருந்தது. நாடி 140 ஓடியது. மாமியார் வராந்தாவில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "மாத்திரையாலதான்னு தெரிஞ்சா அன்னிக்கே நிப்பாட்டியிருப்பமே தாயி?" ஆமாம் என்று சொல்வதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. சீட்டில் எழுதியிருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐந்தாம் நாள் மொத்த எண்ணிக்கை 1,100தான். ஆனால் மோனோசைட் 14 சதவீதமாக ஏறியிருந்தது. மஜ்ஜை விழித்துக்கொள்ளும்போது மோனோசைட்டுகள்தான் பெரும்பாலும் முதலில் வெளியே வரும். டெக்னீஷியன் அதை என்னிடம் சொல்லும்போது குரல் மாறியிருந்தது. கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. அன்று மாலை காய்ச்சல் முதல் முறையாக 100க்குக் கீழே வந்தது.

ஏழாம் நாள் காலை நோயாளி கலவரத்தோடு வாயைத் திறந்து காட்டினார். டான்சில் மேல் மஞ்சளாகப் படர்ந்திருந்தது. வலியும் கூடியிருந்தது. "புண்ணு முத்திப்போச்சா டாக்டரம்மா?" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். சீழ். எந்தத் தொண்டையிலும் சீழைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. லேபுக்கு ஓடினால் மொத்தம் 1,900, நியூட்ரோபில் 8 சதவீதம், அதாவது 152. அதிலும் பாதி முதிராதவை. உட்கரு இன்னும் மணிமணியாகப் பிரியாமல் லாடம் போல வளைந்திருந்தது. வளர்ந்து முடிக்கக்கூட நேரமில்லாமல் மஜ்ஜை அவற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களைத் தயாரிப்பது மஜ்ஜையின் வழக்கமான வேலை. இரத்தத்தில் அவற்றின் வாழ்வு ஒரு நாள் அளவுக்குத்தான். தயாரிப்பு நின்றால் இருப்பு மளமளவென்று தீர்ந்துபோவதும், தொடங்கினால் சடசடவென்று ஏறுவதும் அதனால்தான்.

ஒன்பதாம் நாள் 4,600, நியூட்ரோபில் 44 சதவீதம். ஊசியை நிறுத்தினோம். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போனார்.

எங்கே தவறியது

கார்பிமசோலால் இப்படி ஆவது ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். வாரா வாரம் இரத்தம் எடுத்துப் பார்த்தால் தடுக்கலாமே என்று தோன்றும். நியூட்ரோபில் ஓரிரு நாளில் சரிவதால், திங்கள்கிழமைப் பரிசோதனை நன்றாக இருந்து வியாழக்கிழமை பூஜ்யத்துக்கு வரலாம். அதனால் வழக்கமான தொடர் பரிசோதனையைவிட நோயாளிக்குச் சொல்லும் ஒரு எச்சரிக்கையே முக்கியமான பாதுகாப்பு என்று பல நாடுகளில் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரே பாதுகாப்பை நான் அவருக்குப் புரியாத மொழியில் கொடுத்திருந்தேன்.

1922இல் பெர்லினில் வெர்னர் ஷூல்ட்ஸ் இந்த நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்தபோது அவர் பார்த்ததும் இதே காட்சிதான்: பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்கள், அழுகும் தொண்டை, இரத்தத்தில் காணாமல்போன, நியூட்ரோபில் போன்ற துகளணுக்கள், சில நாளில் மரணம். மருந்துதான் காரணம் என்று தெரியவே அதன் பிறகு பத்தாண்டுக்கு மேல் ஆனது. அன்று அமினோபைரின் என்ற வலி மாத்திரை. காரணம் தெரிந்த காலத்தில், மருந்தும் ஊசியும் கையில் இருக்கும் காலத்தில், ஒரு வரி போய்ச் சேராததால் ஒருவர் சாகும் நிலைக்கு வந்தார் என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி இவருக்கு கார்பிமசோல் வாழ்நாளில் கொடுக்கக் கூடாது. அதே வேலையைச் செய்யும் ப்ரொபைல்தயோயுரசிலும் கூடாது. ஒன்றுக்கு இப்படி ஆனவருக்கு மற்றதற்கும் ஆகலாம். இரண்டின் பெயரையும் ஒரு அட்டையில் எழுதி ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளக் கொடுத்தோம். ஜனவரியில் கோயம்புத்தூரில் கதிரியக்க அயோடின் கொடுக்கப்பட்டது. எதிர்பார்த்தபடி தைராய்டு அடங்கி, இப்போது தினமும் காலையில் தைராக்சின் மாத்திரை. வேலைக்குத் திரும்பிவிட்டார்.

பிப்ரவரியில் வந்தபோது, கார்பிமசோல் வாங்கும் எல்லோருக்கும் கொடுக்க நான் தமிழில் எழுதி வைத்திருந்த சீட்டை அவரிடமே படிக்கக் கொடுத்தேன். "தொண்டை வலி, காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு வரவும்" என்று இருந்தது.

படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "இதப் பாத்துட்டு நான் வந்திருக்க மாட்டேன் டாக்டரம்மா" என்றார். "இந்த மழையில தொண்டை வலிக்காதவங்க யாரு? அதுக்கெல்லாம் ஒரு நாள் பேர, கூலிய விட்டுட்டு பஸ் ஏற முடியுமா? எப்பவும் வர்ற தொண்டை வலிதான்னு நெனைக்காதீங்கன்னு போடுங்க. மழையால வந்துச்சு, குளிரால வந்துச்சுன்னு நெனைக்காதீங்கன்னு போடுங்க. அன்னிக்கே ரத்தம் பாக்கணும், மறுநாள் ஆகாதுன்னு போடுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். கார்பிமசோல் மாத்திரைக் கவரின் மேல் இப்போது ஒட்டுவது அந்த வரிகளைத்தான். மாத்திரையைக் கையில் கொடுக்கும் முன் நோயாளியை ஒரு முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறோம். படிக்கத் தெரியாதவருக்கு, கூட வந்தவர் படிக்கிறார்.